தட்டுக்காரர் வைத்த ஆறு பொட்டு

டைல்ஸ் கம்பெனியில் அவருக்குத் தட்டுக்காரர் என்று பெயர். சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு டைலையும் சின்ன மரச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார். நல்ல டைல் ‘ணங்’ என்னும். உள்ளே விரிசல் ஓடியிருந்தால் ‘டொக்’ என்னும். பத்தொன்பது வருஷமாக இதே வேலை என்பதால் மனிதர்களையும் அவர் அப்படித்தான் தரம் பிரித்து வைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் டொக். மைத்துனன், பெண் பார்க்கப் போன அன்றைக்கே டொக். ணங் என்று தேறியவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். அந்தப் பட்டியலில் தானும் உண்டா இல்லையா என்பது கட்டிய மனைவிக்கே தெரியாது.

இந்த ஒரு வருஷமாக உலகம் முழுக்கச் சேர்ந்துகொண்டு தன்னை ஏய்ப்பதாக அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. மனைவி வேண்டுமென்றே வாய்க்குள் முணுமுணுத்தாள். டிவி சத்தத்தை யாரோ குறைத்து வைத்தார்கள். கம்பெனியில் அவர் ணங் என்று அனுப்பிய டைல்கள் விரிசலோடு திரும்பி வந்தன. யார் காரணம் என்று அவர் யோசிக்கக்கூட இல்லை. அவருக்கு அடுத்து நின்று பெட்டி கட்டும் பெண்தான்.

“கட்டுறப்ப போட்டு உடைக்கிறா சார். நான் சொல்றேன்ல” என்று சூப்பர்வைசரிடம் புகார் கொடுத்தார். பத்தொன்பது வருஷத்துச் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போகுமா? திங்கட்கிழமையோடு அவளை நிறுத்திவிடுவதாக முடிவாயிற்று.

அவள் வந்து நின்றாள். “அண்ணே, கைக்குழந்தையை வைக்கிற மாதிரிதானே வைக்கிறேன். நீங்களே பாத்துட்டுதானே இருக்கீங்க.” இவ்வளவு பணிவாகப் பேசுகிறாளே, அதிலேயே தெரியவில்லையா என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அவருக்கு இருந்த ஒரே சொகுசு ஒரு கிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மடியில் வைத்து ஏதோ மீட்டுவார். பிரமாதம் என்று சொல்ல முடியாது, மோசமும் இல்லை. போன மாதம் கம்பி பழசாகிச் சத்தம் மழுங்கிவிட்டதென்று கழற்றிவிட்டுப் புதுசு மாட்டினார். அதுவும் மழுங்கலாகவே இருந்தது. இன்னொரு பாக்கெட் வாங்கினார். அதுவும் அப்படியே. கடைக்காரன் பழைய கம்பியைச் சுருட்டிப் புது உறையில் போட்டு விற்கிறான் என்று அவருக்குச் சந்தேகமறத் தெரிந்துவிட்டது.

“நீங்க மாட்டுறதுல ஏதோ கோளாறு இருக்கும் சார். ஞாயித்துக்கிழமை கொண்டு வாங்க, நானே மாத்தித் தரேன்” என்றான் கடைக்காரன்.

மாற்றுகிறேன் என்று உள்ளே கொண்டுபோய்ப் பழைய கம்பியையே துடைத்துக் கொடுத்தால்? தட்டுக்காரரா ஏமாறுவார்! கம்பியின் அடி நுனியில் மிளகளவு ஒரு பித்தளைக் குண்டு இருக்கும். அதைக் கிட்டாரின் அடிக்கட்டையில் உள்ள சின்ன ஓட்டைக்குள் இறக்கி மேலே ஒரு முளையைச் செருகிவிட்டால் வெளியே தெரியாது. அவர் கம்பிகளைத் தளர்த்தி, ஆறு முளைகளையும் பிடுங்கி, ஆறு குண்டுக்கும் மனைவியின் சிவப்பு நகப்பாலிஷில் ஒரு பொட்டு வைத்தார். காய்ந்ததும் பழையபடி மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

கடைக்காரன் கிட்டாரோடு பின்னறைக்குள் போய் அரை மணி நேரத்தில் திரும்பினான். தட்டுக்காரர் வாங்கி ஒரு மீட்டு மீட்டினார். அதே மழுங்கல். கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷத்தில் அவருக்கு முகமே மலர்ந்துவிட்டது.

“முளையைப் பிடுங்கு” என்றார்.

“எதுக்கு சார்? இப்பதானே போட்டேன். எப்படிப் பளபளன்னு இருக்கு பாருங்க.”

“துடைச்சா எதுதான் பளபளக்காது? பிடுங்குப்பா.”

கடைக்காரன் கம்பியைத் தளர்த்தி முதல் முளையைப் பிடுங்கினான். குண்டு மஞ்சளாக, சுத்தமாக இருந்தது. இரண்டாவதும் அப்படியே. தட்டுக்காரர் ஆறையும் பிடுங்கச் சொன்னார். ஒன்றிலும் பொட்டு இல்லை. கடைக்காரன் உள்ளே போய், கழற்றிய கம்பிகளின் சுருளை எடுத்து வந்து மேசைமேல் போட்டான். ஆறு சிவப்புப் பொட்டும் அதில் இருந்தன.

“கழட்டும்போதே பாத்தேன். குழந்தைங்க விளையாட்டுன்னு நெனச்சேன்” என்றான். அவன் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, சுருதி சேர்த்து, மெல்லிய கம்பியை அவர் காதருகே சுண்டினான். “கேளுங்க சார், மணி மாதிரி அடிக்குது.”

கம்பி அதிர்வதை அவர் கண்ணால் பார்த்தார். மணி எதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. மனைவி முணுமுணுக்கவில்லை. டிவியை யாரும் தொடவில்லை. திரும்பி வந்த அத்தனை டைல்களும் அவர் சுத்தியலின் கீழ் டொக் என்றுதான் சொல்லியிருக்கின்றன. வித்தியாசம் கேட்காமல் பழக்கதோஷத்தில் ணங் என்று அனுப்பியது அவர்தான். வாயைத் திறக்காவிட்டால் அவருடைய வேலை பிழைக்கும்; பெட்டி கட்டும் பெண்ணுடையது போகும். அந்தக் கணக்கைப் பலமுறை போட்டுப் பார்த்தார். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை காலை சூப்பர்வைசரின் மேசை முன்னால் அவள் கைப்பையோடு நின்றிருந்தாள். தட்டுக்காரர் நேரே போனார்.

“சார், அவளை அனுப்பாதீங்க. டைல் என்கிட்ட வரும்போதே விரிசல்தான். எனக்குத்தான் காது கேக்கல.”

சூப்பர்வைசர் நம்பவில்லை. யாரோ சொல்லிக்கொடுத்துப் பேசுகிறார் என்பதுபோல அவரையே பார்த்தார். பிறகு ஒரு டைலைத் தூக்கிப் பிடித்துச் சுத்தியலால் தட்டினார். “இது என்ன, சொல்லுங்க.”

குருட்டாம்போக்கில் ஒன்றைச் சொன்னாலும் பாதிக்குப் பாதி சரியாக இருக்கும்.

“தெரியல சார்” என்றார் தட்டுக்காரர்.

பின்னால் யாரோ ஏதோ சொன்னதுபோல் இருந்தது. சூப்பர்வைசரின் பார்வை அவரைத் தாண்டிப் போனதால் திரும்பினார். பெட்டி கட்டும் பெண் இன்னொரு முறை சொன்னாள். சத்தம் அவருக்கு எட்டவில்லை. உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார், டொக் என்கிறாள்.

அவர் அதைச் சந்தேகப்படவில்லை. சூப்பர்வைசரின் கையிலிருந்த சுத்தியலை வாங்கி அவளிடம் நீட்டினார்.