ஏரோப்ளேன் சர்வேயரும் ஒரு பித்தளைத் தகடும்

மாசிலாமணி இறந்துபோன செய்தி எனக்கு ஒரு கேள்வியாகத்தான் வந்தது. செஞ்சி கடைத்தெருவில் என் இரும்புக் கடைக்குப் பக்கத்தில் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிற சங்கர், நான் ஷட்டரைத் தூக்குவதற்குள் வந்து நின்றான். "அண்ணே, சர்வேயர் பேருக்குக் கீழ இன்னா போடறது? ஓய்வு பெற்ற நில அளவையர்னு போட்டா ஊர்ல பாதிப்பேருக்குத் தெரியாது. ஏரோப்ளேன் சர்வேயர்னு போட்டா அவுங்க வீட்ல கோச்சிக்குவாங்களா?" என்றான். எதற்குடா பேனர் என்று கேட்கும்போதே அவன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். விடியற்காலையில் நெஞ்சு வலி வந்ததாம். ஆஸ்பத்திரிக்கு வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த மனிதருக்குப் பொருத்தமான ஒரு வரி என்ன என்று யோசித்தபடி நின்றேன். அன்றைக்கும் தோன்றவில்லை, இதை எழுதும்போதும் தோன்றவில்லை.

உங்களில் பலர் அவரைத் தாலுகா ஆபீஸில் பார்த்திருப்பீர்கள். என்னைப் போல அவரால் வயிறெரிந்தவர்களும் உங்களில் இருப்பீர்கள். எனக்கு அவர் அறிமுகமானதே என் கடைப் படியை அளக்க வந்தபோதுதான். படி ஒரு சாண் அளவுக்குத் தெருவில் நிற்கிறது என்றார். என் அப்பா காலத்துப் படி, ஒரு சாண்தானே என்று சொல்லிப் பார்த்தேன். காபி வரவழைத்தேன். நிதானமாகக் குடித்துவிட்டு, "காபி நல்லா இருந்துச்சு மொதலாளி. படிதான் ஜாஸ்தியா இருக்குது" என்று சொல்லிச் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார். படியை இடித்தேன். அதற்கப்புறம் நெடுநாள் அவர் முகத்தில் விழிக்கவில்லை. அப்படிப்பட்ட ஆள் அவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்தது அதோடு ஒட்டவே இல்லை.

அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு கோடையில் என் கடைக்கு வந்து செயின் பிளாக் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். கிணற்றிலிருந்து மோட்டார் தூக்கவா என்றேன். "இல்ல மொதலாளி, ஒரு ஏரோப்ளேன் தூக்கணும்" என்றார். சீயமங்கலம் போகிற வழியில் ஒரு ஏரி இருக்கிறது. அதில் ஒரு பள்ளத்துக்கு ஏரோப்ளேன் மடு என்று பெயர். வேலையில் இருந்த காலத்தில் அந்த ஏரியை அளக்கப் போனவர், ஏன் அந்தப் பெயர் என்று கேட்டிருக்கிறார். உலகப் போரின்போது ஒரு மழைநாளில் சின்னப் போர் விமானம் ஒன்று தீப்பிடித்து அங்கே விழுந்ததாம். அதில் இருந்த ஒரே ஆளை ஊர்க்காரர்களே கரையில் வைத்துக் காரியம் செய்தார்களாம். எரித்தோம் என்கிறது ஒரு தெரு, புதைத்தோம் என்கிறது இன்னொரு தெரு. அந்த ஆள் வெள்ளைக்காரனா நம்மவனா என்று சர்வேயர் கேட்டதற்கு, வாத்து மேய்க்கிற ஒருவர், "எரிஞ்சு போனவனுக்கு இன்னா சார் நெறம்?" என்று திருப்பிக் கேட்டாராம். இதை அவர் என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அந்தக் கோடையில் ஏரியைத் தூர்வாரியபோது ஜேசிபியின் வாளியில் இரும்பு தட்டியது. இந்த மனிதருக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று பார்க்கத்தான் கூடப் போனேன். சேற்றிலிருந்து இன்ஜினின் முதுகு தெரிந்தபோது நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மேலே ஏறியது இன்ஜின், வளைந்த விசிறி இறக்கைகள், ஒரு சக்கரம், ஆணி அடித்த தகடுகள். அதிகாரிகள் வந்து பார்த்து, மியூசியத்திலிருந்து ஆள் வந்து எடுத்துக்கொண்டு போகும் வரைக்கும் பத்திரமாக வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பத்திரமாக என்றால் எங்கே? என் குடோனில்தான். மீதித் தகடுகள் எப்போதோ ஊருக்குள் போய்விட்டிருந்தன. அவற்றைத் தேடி வீடு வீடாக அலைந்தோம். ஒரு வீட்டில் கோழிக்கூண்டுக்குக் கூரையாக இருந்தது விமானத்தின் இறக்கைத் துண்டு. "ஏரோப்ளேனோ இன்னாவோ, எங்கோழி நனையுமே சார்" என்று அந்த அம்மா விடவில்லை. சர்வேயர் என் கடைக்குத் திரும்பி வந்து புதுத் தகரம் வாங்கிக்கொண்டு போய், தானே ஏறி நின்று கூண்டை வேய்ந்து கொடுத்துவிட்டுத்தான் பழையதை எடுத்தார். அந்த அம்மா அதற்குப் பிறகு அவருக்கு முட்டை கொடுத்தனுப்ப ஆரம்பித்துவிட்டார்.

குடோனில் அவர் வைத்ததுதான் சட்டம். கம்பிப் பிரஷ் கூடாது, ஆசிட் கூடாது. வெறும் தண்ணீரில் சேற்றைக் கழுவி, நிழலில் காயவைத்து, மெல்லிசாக எண்ணெய் பூசி, பழைய வேட்டியில் சுற்ற வேண்டும். என் கடை ஆள் ஒருவன் ஆர்வக்கோளாறில் சக்கரத்தைத் தேய்க்கப் போனபோது அவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. "அழுக்கும் ஒரு சாட்சிதான். அதைத் தொடச்சுட்டு அப்புறம் யாரைக் கூப்ட்டு விசாரிப்ப?" என்றார்.

இன்ஜினின் விலாவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பித்தளைத் தகடு இருந்தது. அதில் எண் பொறித்திருந்தது, ஆனால் பாதிக்கு மேல் மங்கிவிட்டது. விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைப் போனில் பிடித்துக் கேட்டோம். அன்றைய மழையில் ஒரே தளத்திலிருந்து கிளம்பிய இரண்டு விமானங்கள் திரும்பவில்லை, அந்த எண் தெரிந்தால் இது எது என்று சொல்லிவிடலாம் என்றார். ஒன்றை ஓட்டியவர் பாலக்காட்டு இளைஞர். இன்னொன்றை ஓட்டியவர் ஆங்கிலேயர். பத்திரிகையில் செய்தி வந்ததும் இரண்டு குடும்பங்களும் எங்களைக் கூப்பிட்டன. பாலக்காட்டிலிருந்து பேசியவர் தேவகி அம்மா. அப்பா போருக்குப் போன பிறகு பிறந்தவர், இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். லண்டனிலிருந்து பேசியவர் அந்த ஆங்கிலேயரின் தம்பி மகன். இருவருக்கும் ஒரே கேள்விதான். சர்வேயர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நாள் கணக்கில் அந்தத் தகட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கடைசி எழுத்துகள் பிடிபடவில்லை என்றார். மங்கிய எழுத்தைப் படிக்கக் கருவியோடு ஒருவர் பூஜை விடுமுறை முடிந்ததும் சென்னையிலிருந்து வருவதாக ஏற்பாடானது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் தெருவில் அன்றைக்குக் கழுவாத சாமான் கிடையாது, உங்களுக்கே தெரியும். குடோனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சர்வேயர் காலையிலேயே சாவி வாங்கிப் போனார். மத்தியானம் பொரியும் பூசணிக்காயும் எடுத்துக்கொண்டு போனேன். இன்ஜினுக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை எல்லாம் இருந்தது. அந்தப் பித்தளைத் தகடு மட்டும் பூஜையறைக் குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று மின்னியது. பக்கத்தில் புளிக் கரைசலும் செங்கல் பொடியும் இருந்தன. தகட்டில் ஓர் எழுத்துகூட இல்லை.

"இன்னா சார் இது?" என்று கத்தினேன். "தேய்ச்சேன்" என்றார். "யாரும் தேய்க்கக்கூடாதுன்னு சொன்னது நீங்கதானே?" என்றேன். "ஆமா" என்றார். "அப்புறம்?" என்றேன். "போச்சு மொதலாளி. விடுங்க. சூடம் ஏத்துங்க" என்றார். நான் சூடம் ஏற்றினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்றுவரை எனக்கு இது விளங்கவில்லை. அவர் மனைவி அஞ்சலை அம்மாவைக் கேட்டால், "அவுரு வருஷா வருஷம் பித்தளைச் சாமான் எல்லாத்தையும் புளி போட்டுத் தேய்ப்பாரு. கைப்பழக்கம். அன்னைக்கும் வீட்ல எல்லாத்தையும் தேய்ச்சுட்டுத்தான் அங்க வந்தாரு" என்கிறார். இருக்கலாம். வயதும் ஆகிவிட்டது. ஆனால் ஒரு சாண் படியை விடாதவருக்கா கை தவறும்? அதற்குச் சில நாள் முன்பு டீ குடிக்கும்போது அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "எத்தனை எல்லைக் கல்லு நட்டேன் மொதலாளி. நட்டா ஒருத்தன் சிரிச்சுக்கினு போவான், ஒருத்தன் அழுதுக்கினு போவான். ரெண்டு பேரும் சிரிச்சு ஒருவாட்டிகூட நான் பாத்ததில்ல" என்றார். அன்றைக்கு அவர் வேலை அலுப்பில் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். கடைசி எழுத்துகள் உண்மையிலேயே அவருக்குப் பிடிபடவில்லையா? எனக்குத் தெரியாது. சென்னையிலிருந்து வந்தவர் தகட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

இரண்டு குடும்பங்களும் வந்தன. முதலில் தேவகி அம்மா மகனோடு வந்தார். சர்வேயர் அவரைக் கைத்தாங்கலாகக் கரைக்கு அழைத்துப் போய், "இங்கதாம்மா" என்று காட்டினார். அந்த அம்மா எள்ளும் தண்ணீரும் விட்டார். பிறந்ததிலிருந்து பார்க்காத அப்பாவைக் கூப்பிட்டு அழுதார். அதே மாதக் கடைசியில் லண்டன்காரர் வந்தார். பஸ் ஸ்டாண்டில் வாங்கிய மல்லிகைச் சரத்தை அதே இடத்தில் வைத்துவிட்டு வெகுநேரம் அசையாமல் நின்றார். அவருக்கும் இடத்தைத்தான் காட்டினார் சர்வேயர், வேறெதுவும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திரும்பி வரும்போது, "ரெண்டு பேருக்கும் ஒரே ஆளா சார்? இது பாவமில்லையா?" என்று கேட்டேன். "ஏரி ஒண்ணுதானே மொதலாளி" என்றார். அது பதிலா, என்னை அடக்குவதற்காகச் சொன்னதா என்று யோசித்து யோசித்து அலுத்துவிட்டேன்.

அவருடைய காரியத்தன்று பந்தலில் உட்கார்ந்திருந்தபோது என் போன் அடித்தது. தேவகி அம்மா. செய்தி கேட்டுத் துக்கம் விசாரித்தார். பிறகு, "இனி உங்களிடம்தான் கேட்கணும். லண்டன்காரரும் வந்து பூ வைத்தார் என்று மகன் சொல்றான். எனக்கு இனி அதிகக் காலம் இல்லை. அங்கே கிடப்பது என் அச்சன்தானே? உள்ளது சொல்லணும்" என்றார்.

நான் வியாபாரி. எடையில் ஒரு ஆணி குறைந்தாலும் கூப்பிட்டுக் கொடுக்கிறவன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதுதான் என் பழக்கம். சர்வேயர் உயிரோடு இருந்திருந்தால் போனை அவர் கையில் கொடுத்திருப்பேன். படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே படையலுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாம்மா. உங்க அப்பாதான்" என்றேன்.

"நிச்சயமா?" என்றார்.

"சர்வேயர் அளந்து பாத்துட்டாரும்மா" என்றேன்.

அந்த அம்மா அழுதார். நன்றி சொன்னார். நாளைக்கு லண்டன்காரர் கூப்பிட்டுக் கேட்டால் அவருக்கும் இதே பதிலைத்தான் சொல்வேன் என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. மாசிலாமணி என்னிடம் விட்டுப்போனது இந்த ஒரு பதில்தான். இது சரியா என்று கேட்கத்தான் ஆளில்லை.