ஐஸ் பெட்டியிலிருந்து ஓவனுக்கு

என் கையெழுத்து சேற்றில் நண்டு ஓடிய தடம் மாதிரி இருக்கும். படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றைக்கும் தடுமாற்றம்தான். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் ஊர் தோணிரேவில் ஏரிக்குள் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவன் நான். பிடித்ததைப் போட ஒரு ஓலைப் பறி உண்டு. அதைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் வேலை. வாயைத் திறந்தால் பறி போய்விடும். எனக்கென்றே அமைந்த தொழில். கரைக்கு வந்த பிறகும் எனக்குப் பேச்சு வராது.

போன ஐப்பசியில் மகனுக்குக் கல்யாணம். மருமகள் மீஞ்சூர்ப் பெண். சீரோடு ஒரு சின்ன கரண்ட் ஓவனும் ஒரு பீங்கான் பாத்திரமும் வந்தன. ஊறுகாய் ஜாடி வகைப் பீங்கான். நல்ல கனம், பழுப்பு நிறம், விளிம்பில் நீலக் கோடு. ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் எண்ணெய் தடவி, வதக்கிய வெங்காயம், தக்காளி, இறால் எல்லாம் பரப்பி, ஆறு முட்டை அடித்து ஊற்றி ஓவனில் வைப்பாள். காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் இப்படிச் சாப்பிடுவது பட்டணத்து வழக்கமாம். ஏரியில் இறங்குகிற நாங்கள் என்றைக்குமே பதினோரு மணிக்குத்தான் முதல் வாய் சாப்பிடுகிறோம். எங்களை யாரும் பட்டணத்துக்காரர் என்று சொன்னதில்லை.

ஓரமெல்லாம் மொறுமொறுப்பு, நடுவில் மெத்து. கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை பாத்திரம் சூடு விடாது. நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, குனிந்த தலை நிமிராமல் எழுந்து போய்விடுவேன்.

ஒரு நாள் பின்பக்கம் கால் கழுவிக்கொண்டிருந்தபோது, மருமகள் என் மனைவியிடம் சொல்வது காதில் விழுந்தது.

“அத்தே, மாமாவுக்கு நான் செய்யறது புடிக்கல போல. மூணு மாசமா ஒரு வார்த்த சொல்லல. நாளைக்கு அம்மா வூட்டுக்குப் போயிட்டு ஞாயித்துக்கெழம வந்ததும் அந்த ஓவனக் கட்டிப் பரண்ல போட்டுடறேன்.”

“அந்தாளு கல்யாணம் ஆன புதுசுல என்னாண்ட பேசவே ஆறு மாசம் ஆச்சு. இதப் போயி பெருசா எடுத்துக்கினு!”

மருமகள் சிரிக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. வாயால் சொல்ல வராது, கையால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவள் வந்து இறங்கும்போது அதே முட்டை வெந்துகொண்டிருந்தால் புரிந்துகொள்ள மாட்டாளா?

ஞாயிற்றுக்கிழமை ஏரியிலிருந்து சீக்கிரமே வந்து, அவள் செய்வது போலவே எல்லாம் செய்தேன். பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. இறால் இருக்கிறதே, வெளியில் வைக்கலாமா? பாத்திரத்தோடு தூக்கி, பிடித்த இறாலைப் போட்டுவைக்கிற ஐஸ் பெட்டிக்குள் புதைத்தேன். நேரம் பார்த்து ஓவனைக் காயவைத்து, பாத்திரத்தை ஐஸிலிருந்து எடுத்துத் துடைத்து, நேராக உள்ளே வைத்தேன்.

டப்.

பாத்திரம் இரண்டாகப் பிளந்து முட்டை ஓவனுக்குள் ஒழுகியது. வாசலில் பையோடு மருமகள்.

என் கால் பின்வாசல் பக்கம் திரும்பியது. இப்போது நழுவினால், பிடிக்காமல்தான் உடைத்தேன் என்று நினைத்துவிடுவாள். நின்றேன்.

“நான்தாம்மா. இறாலு கெட்டுடும்னு ஐஸ்ல வெச்சேன். அப்டியே எடுத்து உள்ள வெச்சிட்டேன். நீ ஓவனக் கட்டிடுவியோன்னுதான்... நல்லா இருக்கும்மா நீ செய்யறது. ஞாயித்துக்கெழம எப்ப வரும்னு இருக்கும்.”

மருமகள் ஓவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இறாலுக்கு ஐஸு சரி மாமா. பீங்கானுக்கு எதுக்கு? அதுவும் கெட்டுப்பூடுமா?”

“நைனா பேசிட்டாரு!” என்று மகன் உள்ளேயிருந்து கத்தினான். “இன்னும் ரெண்டு வாங்கி ஒடைக்கலாம்!”

“வாங்கலாம்,” என்றாள் மருமகள். “ஆனா மாமாதான் போவணும். கடையில அவரே வாயத் தெறந்து கேக்கணும்.”

போனேன். மீஞ்சூர்க் கடைக்காரர் கோப்பை, தட்டு, பூச்சாடி என்று எடுத்து எடுத்துக் காட்ட, நான் ஒவ்வொன்றுக்கும் இல்லையென்று தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன். கடைசியில், “மருமக முட்ட சுடற பீங்கான்,” என்று சொல்லியேவிட்டேன். எடுத்துக் கொடுத்தார்.

இன்றைக்கு அதில் முதல் முட்டை. ஐஸ் பெட்டியை என் மனைவி வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டாள். இரண்டாவது முறை வாங்கும்போது, “நல்லா இருக்கும்மா,” என்றேன்.

“கேக்கல மாமா,” என்றாள் மருமகள். நன்றாகக் கேட்டிருக்கும். இன்னொரு தடவை சொன்னேன்.

மாசி மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை.