உறுதிமொழி வட்டம்

ஏப்ரல் வந்தால் எங்கள் ஊர் விடுதிக்குப் பள்ளிப் பிள்ளைகள் வரத் தொடங்குவார்கள். ஒரு பேருந்து கிளம்பிய சூடு ஆறுவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். அக்டோபர் வரை இதே பாடுதான். அவர்களுக்கு ஆக்கிப் போடுவது நான். அவர்களைச் சேற்றுக்குள் கூட்டிப் போவது தால்கே ஹார்ம்ஸ்.

வட கடல் நாளுக்கு இரண்டு முறை உள்வாங்கும். அப்போது, கடலைத் தடுக்க எழுப்பிய எங்கள் கரைமேட்டுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு கிடக்கும். அதில் பிள்ளைகளை இறக்கி, புழுவையும் நண்டையும் சிப்பியையும் காட்ட வேண்டும். கடல் மட்டம் ஏன் உயர்கிறது, இந்தச் சேறு மூழ்கிப் போனால் பறவைகள் எதைத் தின்னும் என்றெல்லாம் சொல்ல வேண்டும். கடல் திரும்புவதற்குள் பத்திரமாகக் கரையேற்றவும் வேண்டும். தால்கே முன்பு இறால் பதப்படுத்தும் கொட்டகையில் வேலை பார்த்தவள். அது மூடிய பிறகு பரீட்சை எழுதி, வழிகாட்டி உரிமம் வாங்கினாள். முதல் சில வருடங்கள் அவள் பேசுவதைக் கேட்க நானே வேலையைப் போட்டுவிட்டுக் கூடப் போனதுண்டு. அப்படிப் பேசுவாள்.

அப்புறம் அந்தப் பேச்சே அவளைத் தின்னத் தொடங்கியது. புழு வெளியே தள்ளிய மண் குவியலைக் கையில் எடுத்துக் காட்டுவாள். "நூடுல்ஸ் மாதிரி இருக்கு!" என்று ஒரு பிள்ளை கத்தும். "ஐயே, இது பீயா?" என்று இன்னொன்று கேட்கும். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளும் அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டவள் போலச் சிரிக்க வேண்டும். காலையில் ஒரு வகுப்பு, கடல் இடம் கொடுத்தால் சாயங்காலம் இன்னொரு வகுப்பு. முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. அவள் கணவன் ஓக்கோ படகில் இயந்திரம் பார்ப்பவன். ஒருநாள் என் சமையலறை வாசலில் நின்று சொன்னான்: "கீசா, இவ தூக்கத்துலயும் புழுவப் பத்திப் பாடம் எடுக்குறா. நானே இப்ப பரீட்சை எழுதினா பாஸ் ஆயிடுவேன்."

எல்லாவற்றையும்விட அவளுக்குப் பாரமாக இருந்தது கடைசியில் வரும் வட்டம்தான். விடுதியை நடத்தும் ஹாயோ கொண்டுவந்த வழக்கம் அது. நாற்பதைத் தாண்டாதவன், நல்ல மனசுக்காரன். சேற்றைவிட்டு ஏறும் முன் பிள்ளைகள் வட்டமாகக் கைகோத்து நிற்பார்கள். பூமிக்காக நான் இதைச் செய்வேன் என்று ஆளுக்கொரு உறுதி சொல்வார்கள். அதைக் கேட்டு ஒவ்வொருவருக்கும் தால்கே தலையாட்ட வேண்டும்.

"எல்லாரும் தண்ணியக் குறைச்சுத்தான் குளிக்கப் போறாங்களாம்," என்பாள் என்னிடம், பூட்ஸைக் கழற்றிக்கொண்டே. "அத்தனை பேரும் சொன்னபடி செஞ்சா நாடே நாறிப் போயிடும்டி."

சொல்லிவிட்டுச் சிரிப்பாள். ஆனால் அந்த வருடம் அந்தச் சிரிப்பும் நின்றுபோனது. எங்கள் ஊர் வழக்கப்படி சூடான தேநீரில் போட்ட கற்கண்டு வெடித்துக் கரையும்வரை கோப்பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஜூன் மாதத்தில் ஃப்ராங்ஃபர்ட் பக்கத்திலிருந்து ஒரு வகுப்பு வந்தது. கூட வந்த ஆசிரியை கெர்லாக். அவளும் பாவம், தூங்கியே பல நாள் ஆனவள் மாதிரி இருந்தாள். அன்று காற்றோடு தூறல். கரைமேட்டில் கால் கழுவும் தொட்டியருகே துண்டுகள் வைக்க நான் போயிருந்தேன். வட்டம் பக்கத்திலேயே நின்றதால் எல்லாம் காதில் விழுந்தது.

"நான் பிளாஸ்டிக் பாட்டில் வாங்க மாட்டேன்."

"நான் வாரத்துல ரெண்டு நாள் கறி சாப்பிட மாட்டேன்."

"நான் விமானத்துல போகவே மாட்டேன்."

அடுத்து நெஸ்ரின் என்ற பெண். அவள் காலால் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"நெஸ்ரின், உன் முறை," என்றாள் ஆசிரியை.

"எனக்கு ஒண்ணும் இல்ல மிஸ்."

"எல்லாரும் சொல்றாங்கல்ல? நீயும் சொல்லு."

"எங்கம்மா விமானத்தச் சுத்தம் பண்றாங்க மிஸ். ஆளுங்க இறங்கினதும் உள்ள போய்க் குப்பை அள்ளணும். யாரும் பறக்கக் கூடாதுன்னு நான் எப்படிச் சொல்றது?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆசிரியை கண்ணாடியில் வழிந்த மழையைத் துடைத்தாள். "அது வேற விஷயம்மா. உன்னால முடிஞ்சது, சின்னதா ஒண்ணு சொல்லு போதும்."

"எங்ககிட்ட கார் கிடையாது. பாட்டி ஊருக்குப் போயே ரொம்ப நாளாச்சு. இன்னும் எதத்தான் குறைக்கிறது?" என்றவள், தால்கே பக்கம் திரும்பினாள். குத்தலாகக் கேட்டதாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்டாள். "நீங்க என்ன உறுதி சொன்னீங்க?"

இத்தனை வருடத்தில் தால்கேயை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவள் தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் ஒண்ணும் சொன்னதில்லம்மா," என்றாள் கடைசியில். "மத்தவங்க சொல்றதக் கேட்டுக்கிட்டே இருந்துட்டேன். என் வீட்டச் சூடாக்க இன்னும் எண்ணெய்க் கொதிகலன்தான் எரியுது. மாத்தணும்னு பேசுறோம். பேசிக்கிட்டேதான் இருக்கோம்." கொஞ்சம் நிறுத்தி, "நான் ரொம்பக் களைச்சுட்டேன் பிள்ளைங்களா. கடல் திரும்பிடுச்சு, ஏறுங்க," என்றாள்.

"அப்ப நான் சொல்ல வேண்டாமா?" என்றான் வட்டத்தின் கடைசியில் நின்றவன்.

"வேண்டாம்."

"அப்பாடா!"

பிள்ளைகள் கத்திக்கொண்டு தொட்டியைப் பார்த்து ஓடினார்கள். நெஸ்ரின் மட்டும் ஓடவில்லை. கரைமேட்டின் படியில் தால்கே தடுமாறியபோது அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் மேல கோவமா?"

"இல்ல. கால் வலி."

"குளிர்காலத்துல அந்தப் புழு என்ன பண்ணும்?"

"கீழ ஆழத்துக்குப் போயிடும்."

"நீங்க?"

"நானும் அப்படித்தான்," என்றாள் தால்கே. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

அன்று மத்தியானமே புகார் போய்விட்டது. நான் சாப்பாட்டு மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கெர்லாக் ஹாயோவிடம் குரலை உயர்த்தாமல்தான் பேசினாள். "இந்தப் பயணத்துல முக்கியமான பகுதியே அதுதான். வழிகாட்டியே களைச்சுட்டேன்னு சொன்னா பிள்ளைங்க என்ன நினைப்பாங்க?" சொல்லிவிட்டு நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். நான் கேட்காமலே ஒரு கிண்ணம் உருளைக்கிழங்கு சூப் கொண்டுபோய் அவள் முன் வைத்தேன். அதைக் குடித்து முடிக்கும்வரை அவள் தலை நிமிரவில்லை.

ஹாயோ தால்கேயைக் கூப்பிட்டனுப்பவில்லை. தானே சமையலறைக்கு வந்தான்.

"உன்னைப் பொய் சொல்லச் சொல்லல தால்கே. ஆனா பிள்ளைங்கள நம்பிக்கையோட அனுப்பணும்ல?"

"குறுகிப் போச்சு அந்தப் பொண்ணு. பாத்தியா நீ? அவகிட்ட இருக்கறதே கொஞ்சம். அதுலயும் ஒரு துண்டு பிடுங்கச் சொல்றியா?"

"நான் அப்படி நினைச்சு ஆரம்பிக்கல."

"தெரியும்பா. உன்கிட்ட நம்பிக்கை இருந்தா நீயே வந்து கொடு. நான் புழுவக் காட்டுறேன், நண்டக் காட்டுறேன். வட்டத்துக்கு என்னைக் கூப்பிடாத."

"சரி, நானே நிக்கிறேன்," என்றான் ஹாயோ. முகம் சிவந்திருந்தது.

சொன்னபடி நின்றான். பச்சை மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, கடல் நேரம் பார்த்து, தினமும் கரைமேட்டுக்குப் போனான். தால்கே பிள்ளைகளை அவனிடம் ஒப்படைத்துவிட்டு ஓரமாகப் போய்ப் புல்லில் உட்காருவாள். முதல் வாரங்களில் அவன் குரல் சமையலறைவரை கேட்டது. ஜூலையில் கேட்பது குறைந்தது. ஆகஸ்டில் ஒருநாள் சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தான். தால்கே எதிரில் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"இன்னைக்கு ஒரு பையன், முன்னாடி நின்னவன் சொன்னதையே திருப்பிச் சொன்னான்," என்றான். "அவனுக்குப் பின்னாடி நின்னவனும் அதையே சொன்னான். நானும் ரெண்டு பேருக்கும் தலையாட்டினேன்."

அவள் கேலி செய்வாள் என்று நான் காத்திருந்தேன். செய்யவில்லை. கற்கண்டுக் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

"ஒரு வாரம் விட்டுப் பாரு."

"விடுதிக்குப் பணம் தர்றவங்க கேட்டா?"

"மழைன்னு சொல்லு. பொய்யா அது?"

ஒரு வாரம் விட்டான். பிறகும் வட்டம் திரும்ப வரவில்லை. பிள்ளைகள் சேற்றிலிருந்து ஏறி, தொட்டியில் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் அடித்து, பசியோடு என்னிடம் வந்தார்கள். ஒரே ஒரு ஆசிரியர் விசாரித்தார். ஹாயோ தோளைக் குலுக்கினான், அவரும் விட்டுவிட்டார். உலகத்துக்கு அதனால் நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. கரைமேட்டை உயர்த்துவதற்குக் களிமண் ஏற்றிய லாரிகள் அந்தக் கோடை முழுக்க எங்கள் தெருவழியாகப் போய்க்கொண்டுதான் இருந்தன.

தால்கேயின் களைப்பு அதோடு தீர்ந்துவிடவில்லை. பேச்சு கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். நண்டு ஒளிந்திருக்கும் இடத்தைக் காட்டிவிட்டுச் சும்மா நிற்பாள். பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் அவளும் காற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். செப்டம்பரில் மருத்துவரிடம் முழங்காலைக் காட்டினாள். குளிர்காலத்தில் ஒன்றை அறுத்துச் சரிசெய்யலாம், இன்னொன்றைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அடுத்த பருவத்தில் வாரத்தில் பாதி நாள்தான் வருவேன் என்று ஹாயோவிடம் சொன்னாள். அவன் ஒப்புக்கொண்டான். வேறு ஆளும் கிடைக்கவில்லை அவனுக்கு.

அக்டோபரில் கடைசி வகுப்பு கிளம்பிய மத்தியானம் அவள் சமையலறைக்குள் வந்தாள். "தேநீர் போடுறியாடி?" என்று கேட்டுவிட்டு பெஞ்சில் சாய்ந்தாள். நான் தண்ணீர் கொதிக்க வைத்து, கோப்பையைத் துடைத்து, பாலேட்டை எடுத்துத் திரும்புவதற்குள் சுவரில் தலையை வைத்துத் தூங்கிப்போயிருந்தாள். காலிலிருந்த சேறு காய்ந்து தரையில் உதிர்ந்துகொண்டிருந்தது. நான் ஊற்றிய தேநீரை நானே குடித்தேன். ஓக்கோவின் படகு வந்து சேரும்வரை அவளை எழுப்பவில்லை.