கையில் கிண்ணம் வைத்த சாமி

இதைச் சொல்ல எனக்கு இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கம்பம் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குக் கொத்து வெட்டப் போகிறவள் நான். போன வருஷம் அங்கிருக்கிற விடுதிக்கு அழகாக இருக்கட்டும் என்று முதலாளி வாசலில் ஒரு சிமெண்டுச் சிலை வைத்தார். தலையில் திராட்சைக் கொத்து, கையில் கிண்ணம், சிரித்த முகம். பந்தலைக் காக்கிற சாமி என்று நினைத்துக்கொண்டோம். வெட்டு தொடங்கிய அன்று, முதல் கொத்தை அவர் காலடியில் வைத்துவிட்டுத்தான் வேலையே பார்த்தோம்.

அப்போது என் மகன் குடித்துக் குடித்து ஈரல் வீங்கிக் கிடந்தான். இனித் தொட்டால் பிழைக்க மாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் கருப்பசாமியிடம் முறையிட எனக்குக் கூச்சம். அவருக்கே சாராயம் வைத்துக் கும்பிடுகிறோம். எந்த வாயால் குடியை நிறுத்தச் சொல்வது? இந்தப் புதுச் சாமி சைவமாகத் தெரிந்தார். யாரும் பார்க்காத நேரத்தில் அவர் கையில் மஞ்சள் கயிறு கட்டினேன். தினமும் கிண்ணத்தில் கொஞ்சம் பால் ஊற்றினேன். இருபது நாள் மகன் குடிக்கவில்லை.

மறுநாள் பால் ஊற்றும்போது மேனேஜர் பார்த்துவிட்டார்.

"ஏத்தா, இவரு யாருன்னு தெரியுமா? கிரேக்க நாட்டுச் சாமி, டயோனிசஸ். ரோமாபுரியில பாக்கஸ்னு சொல்லுவாக. ஒயினுக்கே சாமி. குடிச்சுட்டு ஆடுறவுகளுக்கெல்லாம் இவருதான் தலைவரு!"

சொம்பு கை நழுவி விழுந்தது. கூட வெட்டுகிற என் நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நல்ல ஆளாப் பாத்துத்தான் மனுக் குடுத்திருக்க, மதினி!"

பிள்ளையைக் கொண்டுபோய் யாரிடம் ஒப்படைத்திருக்கிறேன்! கயிற்றை அறுக்கக் கத்திரியை வைத்தேன், கை வரவில்லை. அறுத்ததும் அவன் கடைக்குப் போய்விட்டால்? அறுக்காமல் விட்டால், இந்தச் சாமி அவனைத் தன் ஆளாக்கிக்கொண்டால்? அன்று நான் வெட்டிய கொத்தெல்லாம் நசுங்கித்தான் பெட்டிக்குப் போயின.

சாயங்காலம் எல்லோரும் வேனில் ஏறும்போது நான் மட்டும் சிலையிடம் திரும்பி ஓடினேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள், வேனில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன்.

"அய்யா, ஒங்களுக்கு ஊரெல்லாம் ஆளு கெடக்கே. இவன் ஒருத்தன விட்டுருங்கய்யா!"

வீட்டுக்கு வந்ததும் மகன் வாயை மோந்து பார்த்தேன். டீ வாசம்தான்.

மறுநாளும் பால் கொண்டுபோனேன். ஊற்றும்போது அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை; பாதி வெளியே சிந்தியது.