மரம் எண் முப்பத்தெட்டு

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு படத்தில் மரங்களை எண்ணியது. ஞாயிறு மத்தியானம். சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு மடிக்கணினியை வைத்தேன். காட்டின் பதினாலாம் பகுதியை ட்ரோன் மேலிருந்து எடுத்த படம். ஒவ்வொரு மரத்தையும் தானாகவே கண்டுபிடித்துக் கட்டம் போடும் நிரல், வனத்துறைக்காக நான் எழுதியது. மொத்தம் அறுபத்தொரு கட்டங்கள்.

அம்மா காட்டுக் கணக்கெடுப்பு ஊழியர். அளவு நாடாவும் சாக்பீஸுமாக இருபத்தாறு வருடம் மரம் மரமாக நடந்தவள். அதே பகுதிக்கு அவள் கணக்கு தொண்ணூற்றேழு. எண்பதுக்குக் குறைந்தால் வெட்டிச் சாலை போடலாம் என்பது விதி.

“இது ஒத்த மரமாடி? மூணு மரம் தோளோட தோள் ஒட்டி நிக்குது.”

“மேல இருந்து பாத்தா ஒண்ணாத்தாம்மா தெரியும்.”

“அடியில நிக்கிற சின்ன மரமெல்லாம்?”

“தெரியாது.”

“நல்லா இருக்கு. மொட்டமாடிய பாத்துட்டு வீட்டுல எத்தன பேருன்னு சொல்ற மாதிரி.”

பிறகு முப்பத்தெட்டாம் கட்டத்தில் விரலை வைத்தாள். கச்சிதமான பச்சை வட்டம். மரம்தான் என்பதில் நிரலுக்குத் தொண்ணூற்று நாலு சதவீதம் நிச்சயம். இருமல் வரும்வரை சிரித்தாள்.

“என் குடைடி. அன்னிக்கு வெயிலுக்குப் பிடிச்சிட்டு அங்கதான் நின்னேன். தொண்ணூத்தி நாலா? உங்கப்பாகூட என்னை இவ்வளவு நம்புனதில்ல.”

திங்களன்று மேலதிகாரியிடம் போனாள். காட்டுக்குள் கால் வைக்காமலே காட்டைப் பற்றிப் பேசுகிறவர். அம்மா வைத்த பெயர் வானத்துரை.

“கருவி பொய் சொல்லாதுங்கம்மா.”

“பொய் சொல்லல சார். குடைய மரம்னு நம்புது. அப்பாவி.”

அவர் ஒரு படிவத்தை நீட்டினார். கருவி சொன்ன அறுபத்தொன்றையும் கணக்கெடுத்த ஊழியரே நேரில் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதிக் கையெழுத்திட வேண்டும். வெள்ளிக்குள் தந்தால்தான் தொண்ணூற்றேழைப் பரிசீலிப்பார்களாம். ட்ரோனிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. நிரலைத் திருத்த எனக்கு நாலு நாள் போதும். அவர்கள் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அறுபது வரிகளை முடித்துவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். “ஒண்ணுதான் பாக்கி. இல்லாத மரத்த இல்லன்னு எழுத இன்னொரு நட. காலையில போறேன்.”

புதன் விடியலில், அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள்.

மறுநாள் வானத்துரை துக்கம் விசாரிக்க வந்தார். பளபளப்பான காலணியை வாசலில் பத்திரமாக ஓரம் வைத்தார். படிவத்தை அவரிடமே கொடுத்தேன். நின்றபடியே புரட்டினார்.

“ஒரு வரியில கையெழுத்து இல்லையேம்மா.”

“நான் போய்ப் பாத்து எழுதட்டுமா சார்?”

“ஊழியர் எழுதணும். விதி அப்படி.”

இப்போது பதினாலாம் பகுதியில் அதிகாரபூர்வமாக அறுபத்தொரு மரங்கள். அதில் ஒன்று என் அம்மா. நிரலுக்காக எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது, துல்லியமாம். வெட்ட வேண்டியவற்றின் பட்டியலிலும் முப்பத்தெட்டு இருக்கிறது. கோடரியோடு போகிறவர்கள் தேடிப் பார்க்கட்டும்.

படிவம் திரும்பி வந்துவிட்டது. பச்சைக் குடை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. முப்பத்தெட்டுக்கு எதிரே, பென்சிலில், அம்மாவின் சாய்ந்த எழுத்து: ‘புதன், வெயில் ஏறும் முன் போகணும்.’