மடியைத் தைத்தவள்

தொண்ணூறுகளின் நடுவில் நானும் தங்கையும் பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ஓர் அறை வீட்டில் இருந்தோம். அவளுக்குப் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் தையல் வேலை. நான் ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சர். லீவு நாட்களில் ஆயில் பெயின்டிங். மாடலுக்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமைகளில் அவள்தான் என் முன்னால் உட்காருவாள்.

ஒரு படத்தில் அவளுடைய மடி மட்டும் வரவேயில்லை. புடவை வந்தது, கை வந்தது. மடி பலகை மாதிரி கிடந்தது. மூன்று வாரம் துடைத்துத் துடைத்து வரைந்தேன். நாலாவது ஞாயிறு அவள் எரிச்சலோடு எழுந்தாள். ஃபேக்டரியில் கழித்துப்போட்ட பைஜாமாக் கால் ஒன்றில் பழைய தலையணைப் பஞ்சைத் திணித்தாள். இரண்டு முனையையும் தைத்து, படத்தின் நடுவில் ஊசியால் குத்தி நிறுத்தினாள்.

"இந்தாக்கா, மடி. போதுமா? எனக்குத் துணி தொவைக்கிற வேலை கெடக்கு."

கேலிக்குத்தான் செய்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது லேசாகச் சரிந்து, ஓரிடத்தில் மடங்கியிருந்தது. நாளெல்லாம் உட்கார்ந்து களைத்தவளின் கனம் அதில் இருந்தது. எடுத்துவிட்டுப் பார்த்தேன், படம் செத்துப்போனது. திரும்ப வைத்து நானே தைத்தேன்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வீட்டின் ஹாலில் நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து கண்காட்சி வைத்தோம். வந்தவர்கள் மடியை மட்டுமே பார்த்தார்கள். ஓர் அம்மாள் அதைத் தொட்டு அமுக்கிவிட்டு, "இது பெயின்டிங்கா, பொம்மையா?" என்றார்.

"தெரியலீங்க" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் தங்கை கேட்டாள்: "எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னது நான் தெச்சதைத்தானே?"

"ஆமா."

"அப்ப நீ என்னா பண்ணே?"

சண்டைக்கு இழுக்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்கப்புறம் தட்டையாக வரைய என் கை போகவில்லை. அவளிடமே தையல் கற்றுக்கொண்டு முதுகு, முழங்கால், ஒருக்களித்துத் தூங்கும் உடம்பு என்று துணியில் பஞ்சடைத்துச் செய்தேன். அடுத்த கண்காட்சிக்கான அட்டையில் என் பெயருக்குக் கீழே அவள் பெயரையும் எழுதினேன்.

"என் பேரு எதுக்கு? அடிச்சுடுக்கா" என்றாள்.

கோடு போட்டு அடித்தேன். அட்டையை வாங்கிப் பார்த்தாள், மேஜைமேல் வைத்தாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அடிக்கச் சொன்னவள் அவள்தானே என்று எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளிடம் மட்டும் கேட்கவில்லை.