கற்பூரம் கொளுத்தியவர்

“இது நான்தானே, தர்ஷினி?”

“நீங்கதான் அத்தை.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“உங்க பச்சைச் சேலைதான். தட்டுல தேங்காய், கற்பூரம் எல்லாம் இருக்கு.”

“முந்தானை வேற நழுவிக் கெடக்கு. படம் புடிக்கிறவன் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” சௌந்தரநாயகி அத்தை படத்தின்மேல் விரலை வைத்தார். “கீழ இங்கிலீசுல என்ன போட்டிருக்கான்?”

நான் தயங்கினேன்.

“படிச்ச புள்ளதானே, சொல்லேன்.”

“‘நிலக்கரிச் சுரங்கத் திட்டத்தைப் பூசை செய்து வரவேற்கும் உள்ளூர் விவசாயி’ன்னு போட்டிருக்கு.”

அத்தை புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: “என் பேரு போட்டிருக்கா?”

“இல்ல.”

“போட மாட்டான். போட்டா சண்டைக்கு வருவேன்ல?”

அந்தப் புத்தகம் எங்கள் ஊராட்சி அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. மன்னார்குடிக்குக் கிழக்கே எங்கள் ஊரையும் பக்கத்து ஊர்களையும் சேர்த்து, பூமிக்கு அடியில் நிலக்கரி எடுக்க ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. அனுமதி கொடுக்கும் முன் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். அதற்காக அச்சிட்ட அறிக்கை அது.

படத்தின் கதை இதுதான். அதற்கு முந்தைய கோடையில் அத்தையின் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் கீழே இறங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு தரகர் வந்தார். தண்ணீர் எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்கப் போகிறோம், உங்கள் வயலில் ஒரு துளை போட்டுக்கொள்கிறோம் என்றார். துளை போடும் ரிக் வண்டி வந்து நின்றது. எங்கள் பக்கத்தில் யார் போர் போட்டாலும் முதலில் வண்டிக்குத் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். சாமி கும்பிடாதவர் வீட்டில்கூட இது நடக்கும். அத்தையும் காட்டினார். யாரோ படம் எடுத்தார்கள்.

வந்தவர்கள் துளைக்குள்ளிருந்து எடுத்த நீள நீளமான கல் உருளைகளைப் பெட்டியில் அடுக்கி எடுத்துப்போனபோதுதான் அவர்கள் தேடியது தண்ணீரை அல்ல என்று தெரிந்தது. துளைக்கு ஒரு சிமெண்டு மூடி போட்டார்கள். வண்டி நிற்கக் கொட்டிய ஜல்லியின்மேல் செம்மண்ணைப் பரப்பிவிட்டுப் போனார்கள். அந்த இடத்தில் தண்ணீர் நிற்கவில்லை. சம்பா நாற்று பழுத்துப்போனது.

புத்தகத்தில் படம் வந்ததும் ஊர் அத்தைக்கு ‘கற்பூரம்’ என்று பெயர் வைத்தது.

“டேய், கற்பூரம் வருது, தீப்பெட்டிய மறைங்கடா” என்பார் டீக்கடைக்காரர்.

“மறைச்சே வைங்க. கையில கெடைச்சா மொதல்ல உங்க கடையத்தான் கொளுத்துவேன்” என்பார் அத்தை.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முதல் நாள் விவசாயிகள் சங்கத் தலைவர் அமிர்தலிங்கம் வீடு தேடி வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

“தங்கச்சி, நாளைக்கு நீ வராம இருந்தா நல்லது. உன்னப் பாத்தா அவங்க அந்தப் படத்தக் காட்டுவாங்க. அப்புறம் எங்க பேச்சு எடுபடாது.”

“நான் வரலேன்னா மட்டும் படத்த மூடி வெச்சுருவாங்களா அண்ணே?”

“வீம்பு பண்ணாத.”

“வீம்புதான் பண்ணப்போறேன். கொளுத்தினது நான். அணைக்கிறதுக்கு இன்னொருத்தர அனுப்ப முடியுமா?”

கூட்டம் திருவாரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அத்தை அதே பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

நிறுவனத்தின் அதிகாரி மேடையில் விளக்கினார். சுரங்கம் கீழேதான், மேலே நீங்கள் வழக்கம்போல நடவு நடலாம், எங்காவது நிலம் அமிழ்ந்தால் மண் கொட்டிச் சமன்செய்து இருந்தபடியே திருப்பித் தருவோம் என்றார். அடுத்துத் திரையில் அத்தை சுவர் உயரத்துக்கு வந்தார், கையில் கற்பூரத் தட்டோடு. பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அமிர்தலிங்கம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

யாரும் அழைக்காமலே அத்தை மேடையேறி மைக்கை வாங்கினார்.

“சேலையப் பாத்துக்குங்க. அதே சேலை, அதே ஆளு. தண்ணி வரட்டும்னு கொளுத்தினேன், கரி வரட்டும்னு இல்ல. தண்ணி பாக்க வந்திருக்கோம்னு சொன்னது உங்க ஆளு.”

“அம்மா, உங்க நிலத்தைப் பழையபடி சீர்பண்ணிக் குடுத்துட்டோம். அறிக்கையிலேயே இருக்கு” என்றார் அதிகாரி.

“அறிக்கையில வெளையுதா? என் வயல்ல வெளையலையே! ஒரு வண்டி நின்ன இடத்தையே உங்களால சீர்பண்ண முடியல. ஊரையே அமுத்திட்டுச் சீர்பண்ணப் போறீங்களாக்கும்? மொதல்ல அந்த எடத்துல ஒரு போகம் வெளையவெச்சுக் காட்டுங்க. அப்புறமா வந்து அனுமதி கேளுங்க.”

மண்டபம் கைதட்டியது. கூட்டத்தை நடத்திய அரசு அலுவலர், “உங்க கருத்தப் பதிவு பண்ணியாச்சும்மா. எறங்குங்க” என்றார்.

“என்ன எழுதியிருக்கீங்க? படிங்க.”

எழுத்தர் படித்தார்: “‘விவசாயி ஒருவர் புகைப்படம் தொடர்பாக ஆட்சேபம் தெரிவித்தார்.’”

“ஒருவரா? அதுலயும் பேரில்ல, இதுலயும் பேரில்லையா? சௌந்தரநாயகின்னு எழுதுங்க. கற்பூரம் கொளுத்தினவளே சுரங்கம் வேண்டாங்கறான்னு எழுதுங்க. எழுதிப் படிச்சாத்தான் எறங்குவேன்.”

“அடுத்தவங்க பேசணும்மா, காத்திருக்காங்க பாருங்க.”

அடுத்துப் பேச வேண்டியவர் அமிர்தலிங்கம். அவர் எழுந்து, “எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. எழுதுங்க சார். தங்கச்சி நிக்கட்டும்” என்றார்.

எழுதினார்கள். படித்தார்கள். அத்தை இறங்கினார்.

சுரங்கத்துக்கு இன்னும் அனுமதி கொடுக்கவில்லை, மறுக்கவும் இல்லை. படத்தை நீக்கச் சொல்லி அத்தை கொடுத்த மனுவுக்குப் பதிலும் இல்லை. டீக்கடையில் ‘கற்பூரம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. இப்போது அப்படிக் கூப்பிட்டால் அத்தையே திரும்பிப் பார்த்து, “என்ன, தீப்பெட்டி வேணுமா?” என்கிறார்.

கூட்டம் முடிந்த அந்த வாரமே அத்தை என்னை வயலுக்கு அழைத்துப் போனார். பச்சைச் சேலையைத் துவைத்துக் கட்டியிருந்தார். சிமெண்டு மூடியின்மேல் ஏறி நின்று, கைகளைக் கட்டிக்கொண்டார்.

“உன் போன்ல ஒரு படம் புடி, தர்ஷினி. முந்தானை சரியா இருக்கான்னு பாத்துக்க. சுத்தி இந்தக் கல்லும் செம்மண்ணும் நல்லா விழணும். அவங்களுக்கே அனுப்பு, புத்தகத்துல போடட்டும். அனுப்பறதுக்கு முன்னாடி, தமிழ்லயும் இங்கிலீசுலயும் கீழ என் பேர எழுதிப்புடு.”